வலது கையில் பார்த்தபோது

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுத முடியவில்லை. நீ அங்கிருந்து அனுப்பிய பிரஷர் மெஷினில் ஒரு வருடமாக இடது கையில்தான் பார்த்து உனக்கு எழுதினேன். வலது கையில் கத்தரிக்கோல் இருக்கும், துணி வெட்டுகிற மேசையை விட்டு எழ முடியாது. எப்போதும் நூற்றுப் பத்துதான். தலைவலி என்று எழுதியதற்கு நர்ஸான நீயும், “வேலைக் களைப்புடி, வேற ஒண்ணுமில்ல” என்றாய்.

நேற்று டாக்டர் வலது கையில் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. ரத்தக்குழாய்ச் சுவர் வீங்குகிற வியாதியாம். இடது கைக்குப் போகும் குழாய் சுருங்கியதால் அந்தக் கை பொய்க் கணக்குக் காட்டியிருக்கிறது. சிறுநீரகத்துக்குப் போவதும் சுருங்கிவிட்டது. பலூன் விட்டு விரிக்க வேண்டும். அதற்கு முன் வீக்கம் அடங்க மூன்று மாதம் ஸ்டீராய்டு மாத்திரை.

நான் பயப்படவில்லை. நீயும் பயப்படாதே.

உன் தங்கை

மார்ச் 15

என் கண்ணே,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டு கையிலும் பார் என்று ஒரு வரி எழுதாமல் போனேனே. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் உனக்குச் சொல்லவில்லை. மன்னித்துவிடு.

மூன்று மாதமெல்லாம் வேண்டாம். இங்கே என் டாக்டரிடம் பேசிவிட்டேன், வந்ததும் செய்துவிடுவார். டிக்கெட் இத்துடன் இருக்கிறது. நீ ஒன்றும் யோசிக்காமல் புறப்படு.

அக்கா

மார்ச் 24

அன்புள்ள அக்கா,

டிக்கெட்டை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். “வீக்கம் இருக்கறப்போ விரிச்சா சீக்கிரமே திரும்பச் சுருங்கிடும்மா” என்கிறார் டாக்டர். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லிச் சொல்லி என்னை வளர்த்தவள் நீதான்.

என் பள்ளி, வேலை எல்லாம் நீ முடிவு செய்தாய். நன்றாகவே செய்தாய். இந்த உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரையில் முகம் பூசணிக்காயாகிவிட்டது. தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், “வீட்ல நல்ல சாப்பாடு போல” என்கிறார்கள். சிரித்துவிட்டு வெட்டுகிறேன்.

தங்கை

ஜூன் 10

தங்கைக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் கோபம்தான். டிக்கெட்டைத் திருப்பி அனுப்புகிற அளவுக்குப் பெரியவளாகிவிட்டாளா என்று பொருமினேன். பிறகு எழுத உட்கார்ந்தால் எல்லாக் கடிதமும் ‘இதைச் செய்’ என்றே தொடங்கியது, கிழித்துப் போட்டேன்.

உன் ரிப்போர்ட்டை இங்கே டாக்டரிடம் முழுதாகக் காட்டினேன். “தங்கச்சி சொல்றதுதாங்க சரி” என்றார். அன்று அவரை அவசரப்படுத்தியது நான்.

எப்போது செய்கிறார்கள்? நான் வரட்டுமா?

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

வீக்கம் அடங்கிவிட்டது. இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். முப்பதாம் தேதி காலையில் பலூன். சம்மதப் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். அப்படியும் சில வருடத்தில் திரும்பச் சுருங்கலாமாம். சுருங்கினால் திரும்ப விரித்துக்கொள்வேன்.

இத்தனை வருடத்தில் நீ என்னிடம் கேட்டுச் செய்கிற முதல் காரியம் இது. படித்துவிட்டு அழுதேன்.

வா அக்கா. பக்கத்தில் உட்கார். டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

உன் தங்கை