மாமியின் முகத்துக்கு நிறம்

2025 பெப்ரவரி 7, வெள்ளி
என் மனைவி ஹுஸ்னியாவின் உம்மாவுடைய நினைவாக எஞ்சியிருப்பது, அடையாள அட்டைக்கு எடுத்த சிறிய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே. இவளுக்கு இரண்டு வயதாக இருக்கையில் அவர் காலமானார். முகம் இவளுக்கு நினைவில்லை. படத்தை ஸ்கான் செய்து, கீறல்களை நீக்கி, மென்பொருளின் நிறமிடும் பொத்தானை அழுத்தினேன். உதடு சிவந்தது; சீலை நீலமானது. மாமி உயிரோடு பார்ப்பது போலிருந்தது. நாளை காட்டுவேன்.

8, சனி
காட்டினேன். காட்டியிருக்கக் கூடாது.
"உம்மா இவ்வளவு வெள்ளையா?" என்றாள். பிறகு, "அப்ப நான் ஆரப் போல?"
குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

9, ஞாயிறு
அவளுடைய வாப்பா வீட்டார் அனைவரும் வெளுப்பு. சிறுவயதில் மச்சிமார், "கறுப்பி, ஒன்ன ஜெட்டியடியில எடுத்த" என்று, படகுத்துறையில் கண்டெடுத்த பிள்ளையாக்கிக் கேலி செய்வார்களாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அந்தச் சிரிப்பை நான் விசாரிக்காமலே ஏற்றுக்கொண்டிருந்தேன். தன் நிறம் உம்மாவின் நிறம் என்ற நம்பிக்கையே அவளுடைய பிடிமானம். அதையா பறித்துவிட்டேன்?

10, திங்கள்
நொத்தாரிசாகிக் காணி உறுதி எழுதத் தொடங்குமுன், சட்டக் கல்லூரிக் காலத்தில் எடுத்த என் கறுப்பு வெள்ளைப் படத்துக்கும் அதே பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நானும் வெளுத்துப்போய் வந்தேன்! என்னை அறிந்த எவரும் அதை ஏற்கமாட்டார். ஆக, மென்பொருளின் சாட்சியம் நம்பத்தக்கதல்ல. ஆயினும் அது தவறியது என்பதால் மறுதரப்பு நிரூபணமாகிவிடாது. மாமி மெய்யாகவே வெளுப்பாக இருந்திருந்தால்? நேரில் பார்த்தவர் வேண்டும்.

12, புதன்
"மூதூரில சாச்சி இரிக்காவே. ஏன் இவ்வளவு காலமும் கேக்கல்ல?" என்றேன்.
"வேற பதில் வந்தா?" என்றாள்.
"ஞாயிறு ரெண்டு பேருமாப் போய்க் கேப்பம்" என்றேன்.

16, ஞாயிறு
மூதூர் போனோம். மாமியின் தங்கை மைமூனா சாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் நிறமிட்ட படத்தைப் பார்த்தார்.
"யா அல்லாஹ்! எங்கட ராத்தாவ வெள்ளக்காரியாக்கிட்டீங்களே, மருமகன்!"
பதிலை நானே வாயில் வைத்துவிடக் கூடாதென்று, "அப்ப என்ன நிறம்?" என்று மட்டும் கேட்டேன்.
சாச்சி ஹுஸ்னியாவின் கையைப் பிடித்து இழுத்து, சட்டைக்கையை மேலே தள்ளினார்.
"இந்தா. இதே கறுப்பு. இன்னும் ஒரு சொட்டுக் கூட." பிறகு, "சீலையும் நீலமில்ல, மஞ்சள். அது என்ட சீலை. படம் எடுக்கண்டு இரவல் வாங்கினவ, திருப்பித் தரவேயில்ல!"
ஹுஸ்னியா அழுதாளா, சிரித்தாளா — என்னால் வேறுபடுத்த முடியவில்லை. "புதுசு வாங்கித் தாறன் சாச்சி" என்றாள்.
திரும்பும் வழியெல்லாம் மடியில் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். அல்ஹம்துலில்லாஹ்.

18, செவ்வாய்
காலை வெளிச்சத்தில் யன்னலருகே அவள் கையைப் படமெடுத்து, அந்த நிறத்தை எடுத்து மாமியின் முகத்துக்கு இட்டேன். சாச்சி சொன்னபடி ஒரு சொட்டுக் கூட்டினேன். சீலைக்கு மஞ்சள். உதட்டுக்குச் சிவப்பு வேண்டாம். அதை எவரும் சொல்லவில்லை.

21, வெள்ளி
எங்கள் வீட்டில் ஆட்களின் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை. ஹுஸ்னியா அதை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டினாள். தள்ளி நின்று பார்த்தாள். கிட்டப் போய்ப் பார்த்தாள்.
"எழுதிக்கொள்ளுங்க, நொத்தாரிசு. ஜெட்டியடியில எடுத்ததில்ல."
எழுதிவிட்டேன்.
ஜும்ஆவுக்குப் போகும்போது அலுமாரி திறந்திருந்தது. வந்து பார்த்தபோதும் அப்படியே. நானும் மூடவில்லை.