பேக்கிங் செக்‌ஷன் பிரேக் டான்ஸ்

3-9-91, செவ்வாய்

ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். பிஸ்கட் கம்பெனி ஆண்டு விழாவில் இந்த வருடம் பேக்கிங் பெண்களும் ஆடலாம். சூப்பர்வைசர் தணிகாசலம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே சொன்னது: "மேடையில சொதப்பினீங்க, இனிமே பொம்பளைங்களுக்குக் கோலப்போட்டி மட்டும்தான். பாத்துக்க மெர்சி." கோலப்போட்டியாம்! அந்த ஆள் வழுக்கையில்தான் புள்ளி வைக்க வேண்டும்.

நான்தான் மாஸ்டர். எங்கள் சேரப்பணஞ்சேரியில் படம் போட வீடியோ டெக் வாடகைக்கு எடுக்கும்போதெல்லாம் பார்த்துப் பார்த்து நானே பழகிய பிரேக் டான்ஸ். ஆண்டவரே, இரங்கும்.

7-9-91

கேண்டீன் பின்பக்கம், சாப்பாட்டு நேரத்தில் வகுப்பு. அங்கே பிளக் கிடையாது, பேட்டரியில் ஓடும் டேப்ரிக்கார்டர்தான். பாட்டில் வார்த்தை இருந்தால் மேனேஜர் குற்றம் கண்டுபிடிப்பார் என்று வெறும் மியூசிக் கேசட்.

உடம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆட்டுவதுதான் டெக்னிக் என்றேன். தோள், முழங்கை, மணிக்கட்டு என்று அலை போக வேண்டும். பாஞ்சாலி அக்காவுக்கு அலை முழங்கையிலேயே நின்றுவிடுகிறது. "இது மாவாட்டுற கைடீ, வளையாது" என்கிறாள். பின்பக்கமாக வழுக்கி நடக்கச் சொன்னால் சசிகலா செருப்பு அறுந்தவள் மாதிரி நடக்கிறாள்.

12-9-91

அம்மா: "சர்ச்சுல பாட்டு பாடுற பொண்ணு, வூட்டுக்குள்ள இன்னாடி கரண்ட் அடிச்சவ மாதிரி?"

20-9-91

இன்று ஒரு கால் தப்பவில்லை. நான் எவ்வளவு நல்ல மாஸ்டர்! பேட்டரியைத்தான் தினமும் வெயிலில் காயவைத்து ஓட்டுகிறோம். தாக்குப்பிடிக்கிறது.

28-9-91, சனி. விழா.

ஐயோ, எப்படி எழுத —

ஸ்ரீபெரும்புதூர் கல்யாண மண்டபம். கரண்டில் ஓடும் பெரிய செட்டில் எங்கள் கேசட்டைப் போட்டார்கள். மியூசிக் பிய்த்துக்கொண்டு போகிறது. வேறு கேசட்டா? இல்லை, அதேதான். இறங்கின பேட்டரில இழுத்து இழுத்து ஓடினதையே நெஜ வேகம்னு நம்பிக்கினு ஆடியிருக்கோம்! நல்ல மாஸ்டராம், மண்ணாங்கட்டி.

சசிகலா தன் காலையே மிதித்துத் தடுமாறினாள். ஆம்பிளைகள் விசில். முன்வரிசையில் தணிகாசலம் தொடையைத் தட்டிச் சிரிக்கிறார். போச்சு, கோலப்போட்டிதான் என்று நினைத்தேன்.

அப்போது பாஞ்சாலி அக்கா மேடையிலேயே கத்தினாள்: "ஏய், பெல்ட்டை ஏத்திட்டான்டீ!"

மாசக் கடைசியில் தணிகாசலம் சொல்லாமல் கொள்ளாமல் பிஸ்கட் வரும் பெல்ட்டின் வேகத்தை ஏற்றினால் எங்கள் கை தானாகப் பறக்கும். அந்தப் பழக்கம் வந்துவிட்டது. தோள், முழங்கை, மணிக்கட்டு — எல்லோருக்கும் ஒரே நேரத்தில். பாஞ்சாலி அக்காவின் அலை விரல் நுனிவரைக்கும் போனது. பேக்கிங் செக்‌ஷன் மொத்தமும் நாற்காலிமேல் ஏறிக் கத்தியது. மேனேஜரே கைதட்டினார். வெக்கமில்லாம அழுதேன்.

30-9-91

அடுத்த வருடமும் எங்களுக்கு மேடை உண்டு. நோட்டீஸ் போர்டில் போட்டுவிட்டார்கள்.

3-10-91, வியாழன்

மாதம் பிறந்தும் பெல்ட் வேகம் இறங்கவில்லை. கேட்டால் தணிகாசலம், "மேடையில பறந்தீங்களே, மேனேஜர் பாத்தாரு. இனிமே இதான் வேகம்" என்றார்.

நான் சொல்லிக்கொடுத்த டான்ஸ் எங்கள் தலையிலேயே வந்து விடிந்ததா? பாஞ்சாலி அக்கா முகத்தைப் பார்க்கவே கூசியது.

அவள் என்னைத் திட்டவில்லை. பெல்ட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் சசிகலாவும் எடுத்தாள். அப்புறம் நான், அப்புறம் வரிசை முழுக்க. பிஸ்கட் அதுபாட்டுக்கு பெல்ட் முனைவரை போய்த் தரையில் கொட்டியது.

"இன்னாடி பண்றீங்க?" என்று ஓடிவந்தார் தணிகாசலம்.

"மேடையில ஒரு பாட்டுக்கு ஆடினோம் சார், முடிஞ்சதும் கைதட்டினாங்க" என்றாள் பாஞ்சாலி அக்கா. "இங்க ஷிப்ட் முடியற வரைக்கும் ஆடணும். எவன் தட்டுவான்?"

மதியத்துக்குள் பெல்ட் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. தணிகாசலம் குனிந்து தரையில் கிடந்த பிஸ்கட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் சாப்பிடப் போனோம்.