வாராதார் பங்கு

மலை நிலைபெறுக, மலைமேல் அடுப்பு அணையாதிருக்க, அடுப்பைச் சூழ அமர்ந்தார் அனைவரும் குறைவின்றி இளவேனில் காண்க.

வெண்குன்ற நாடுடையாள், மூன்று கணவாய்களுக்கும் காவலாட்டி, பெருங்கோதை மாதேவி, முகிற்கோட்டைத் தலைவரும் பழனநாட்டு அரசகுலத்து இளையவரும் எம் மகள் காந்தளியின் கணவருமாகிய மருகர் மருதங்கோனுக்கு விடுக்கும் ஓலை. உம் மதில் வலிதாகுக. உம் களஞ்சியம் நிறைக. எம் மகள் வயிற்றில் வளரும் சிற்றுயிர் பின்பனி கழியும் வேளையில் நலமுடன் வெளிப்படுக. இங்கே யாமும் எம் மந்திரச் சுற்றமும் நலம். கூதிர்க்காற்று தொடங்கியது முதல் எம் இடமுழங்கால் மட்டும் நாள்தோறும் முறையிடுகிறது. அம்முறையீட்டை யாம் செவிமடுப்பதில்லை.

பனிக்காலத்துக்கு முகிற்கோட்டையைச் சித்தம் செய்து முடித்ததாக நீர் வரைந்த ஓலை வந்து சேர்ந்தது. அதனை அவையில் படிக்கச் செய்து கேட்டோம். மகிழ்ந்தோம் என்பதை முதற்கண் சொல்லிவிடுகிறோம், பின்னர்ச் சொல்லப்போவன சிறிது உறைப்பாக இருக்கும் ஆதலால். வயலும் வாய்க்காலுமாகிய நாட்டில் பிறந்து, பனி என்பது விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம் என்று நம்பி, ஒற்றை மேலாடையோடு எம் மலை ஏறியவர் நீர். அத்தகையவர் இன்று தினையும் கொள்ளும் இத்துணை, உப்புக்கண்டம் இத்துணை, சுக்கும் மிளகும் இத்துணை என்று ஒரு கோட்டைக்கு வேண்டியதை முன்னறிந்து சேர்த்திருப்பது எமக்குப் பெருமை. இம்முறை கம்பளி போதாது என்று ஒருவரும் உம்மைக் குறைகூற இயலாது. எம் தளபதியர் சிலர் தம் மனைவியர் நினைவூட்டினாலன்றி விறகு வெட்டாதவர். அவர்கள் கேட்கவே உம் ஓலையை இருமுறை படிக்கச் செய்தோம்.

ஆயினும் சில இடங்களில் உம் அறிவு எம் பனியை அறியவில்லை. முதலாவது கதவு. பனிக்காற்று தள்ளித் திறந்துவிடாதபடி பெருமனைக் கதவை வெளிநோக்கித் திறக்குமாறு மாற்றினீர் என்றும், காற்று எத்துணை மோதினும் கதவு இன்னும் இறுகுமேயன்றி நெகிழாது என்றும் வரைந்திருந்தீர். உண்மை. காற்று இறுக்கும். ஒரே இரவில் ஆளுயரம் குவியும் பனியும் அவ்வாறே இறுக்கும். பிறகு உள்ளிருப்பவர் எவரும் அக்கதவைத் திறக்கமாட்டார், இளவேனில்தான் திறக்கும். எம் நாட்டில் குடிசை முதல் அரண்மனை வரை கதவு யாவும் உள்நோக்கியே திறப்பதன் காரணம் இதுவே. இதனை உமக்கு எவரும் சொல்லாதது வியப்பன்று. அறியாத ஒருவர் இருக்கக்கூடும் என்றே எம்மவர்க்குத் தோன்றாது. தச்சரை இன்றே அழைப்பீராக.

களஞ்சியத்தைத் தீக்கு அஞ்சி மனையினின்று விலக்கிக் கட்டினீர். உம் நாட்டில் அது நன்முறை. இங்கே பனி கொட்டும் நாளில் அவ்விடைவெளி கடக்கச் சென்றவர் திரும்பும் திசை அறியாது நிற்பர். குதிர்களை அடுக்களைக்கு அடுத்த அறைக்குக் கொணர்க. முற்றத்தில் கோபுரம்போல் அடுக்கியதாக நீர் பெருமிதம் கொண்ட விறகும் கூரைக்கீழ் வருக. உப்பை அடுப்புக்குமேல் பரணில் தொங்கவிடுக. தரையில் வைத்த உப்பு தை பிறக்குமுன் நீராகிவிடும்.

பசுக்களும் ஆடுகளும் மனையின் கீழ்க்கட்டில் இருப்பது காந்தளிக்கு நாற்றமாக இருக்குமே என்று இரங்கி, அவற்றுக்குப் புறத்தே புதுக்கொட்டில் அமைத்தீர். அன்பினால் செய்தீர், எம் மகளும் உம் அன்பைக் கண்டு வாய்மூடி இருந்திருப்பாள். அவள் பிறந்ததே மாட்டுக்கொட்டிலின் மேல்தளத்தில்தான் என்பதை உமக்கு அவள் சொல்லவில்லை போலும். அந்த உயிர்களின் மூச்சுச் சூடே மேல்தளத்துக்கு ஏறும். பிள்ளை பெற்ற அறைக்கு அதனினும் நல்ல கம்பளி எம் நாட்டில் எவரும் நெய்ததில்லை. அவற்றை மீண்டும் உள்ளே கட்டுவீராக. நாற்றம் பழகிவிடும்.

இவை யாவும் கையால் செய்த பிழை, கையால் திருத்தலாம். இனி, உம் ஓலையின் அடியில், எழுத்தாணி திடீரெனச் சோர்ந்ததுபோலச் சிறு எழுத்தில் நீர் பொறித்த பகுதிக்கு வருகிறோம். கனமான பொருளை மூட்டையின் அடியில் வைப்பது சுமப்பவர் வழக்கம். எனினும் யாம் மூட்டையை முழுதும் அவிழ்த்துப் பார்ப்போம்.

எம் நாட்டு முறைப்படி ஒவ்வொரு மனையும் தன் ஆட்களுக்கு வேண்டியதோடு வாராதார் பங்கு என ஒருவர்க்குரிய உணவும் கம்பளியும் கூடுதலாக வைத்தல் வேண்டும். அம்முறையை வழுவாது நிறைவேற்றியதாக வரைந்தீர். இன்னும் வாராதவர் உம் பிள்ளையே ஆதலின், அப்பங்காக நெய்யும் தேனும் மென்துகிலும் பால் தரும் ஆடு ஒன்றும் ஒதுக்கியதாகச் சொன்னீர். அதன்பின், கழுத்துக்கணவாயின் அடிவாரத்து இடையர் உமக்கு அனுப்பிய செய்தியைச் சொன்னீர். உம் தமையனாரும், நேற்றுவரை பழனநாட்டு மன்னருமாகிய வயலங்கோன், தம் படைத்தலைவனாலேயே அரியணை இழந்து, பிளந்த பாதமும் காய்ச்சலுமாக அவ்விடையர் குடிலில் கிடக்கிறார் என்றும், முகிற்கோட்டையில் பனிகழியும்வரை இடம் வேண்டுகிறார் என்றும் அச்செய்தி உரைத்தது. எல்லாப் பங்கும் உரியவர்க்கு அளக்கப்பட்டுவிட்டதால் முறைப்படியே வாயிலை அடைத்துக்கொள்ள எம் இசைவை வேண்டினீர்.

மருகரே, உம் சொல்விளக்கம் அழகிது. எம் அவைப்புலவர் அதனைக் கேட்டுத் தலையசைத்தார். யாம் அசைக்கவில்லை.

வருவார் என்று நாம் காத்திருப்பவர் வாராதார் ஆகார், அவர் வீட்டார். உம் பிள்ளை வந்தாலும் வரத் தாமதித்தாலும் அம்மனைக்கு உரியது. அதன் பங்கு தாயின் பங்கோடு முன்பே அளக்கப்பட்டது. வாராதார் என்பவர் நாம் எண்ணாதவர், அழையாதவர், சிலவேளை இவர் வாராதிருத்தலே நன்று என்று நாம் விரும்புபவர். விரும்பி வரவேற்பவர்க்குச் சோறிட ஒரு நாட்டுக்கு முறை எதற்கு? அன்பே அதனைச் செய்துவிடும். அன்பு கைவிடும் இடத்தில் நிற்பதற்காகவே எம் முன்னோர் இம்முறையை வைத்தனர்.

உம் தமையனார் உமக்குச் செய்தது சிறிதென்று யாம் சொல்லவில்லை. தந்தையின் ஈமத்தீ ஆறுமுன் உம்மை அரண்மனையினின்று துரத்தினார். உம்மைப் பாலூட்டி வளர்த்த செவிலியையும் வீதியில் நிறுத்தினார். எல்லைவரை வேட்டைநாய்களை ஏவினார். அந்நாய்ப்பல் தழும்பை உம் காலில் காணுந்தோறும் எமக்குச் சினம் மூள்கிறது. அவரை மன்னிக்க யாம் கட்டளையிடவில்லை. மன்னிப்பு எந்த அரசும் ஆணையிட்டுப் பெறத்தக்கது அன்று. கஞ்சி ஊற்றுதல் ஆணையிடத்தக்கது. அதனையே ஆணையிடுகிறோம்.

கணவாய் மூடியதும் இடையர் தம் மந்தையோடு தாழ்நிலம் இறங்குவர். அது உம் தமையனாரின் பகைவன் ஆளும் நிலம் ஆதலின் அவரை உடன்கொண்டு செல்லார். அக்குடிலுக்குக் கதவில்லை, அடுப்பில்லை. அங்கே விடப்படுபவர் முதற்பெரும்பனியைத் தாண்டார். நீர் வாயிலை அடைத்தால் அடைப்பது வாயிலை மட்டுமன்று என்பதை நீரும் அறிவீர்; அறிந்ததனாலேயே எழுத்து அத்துணைச் சிறிதாயிற்று.

அஞ்சற்க. நோயுற்றவர் ஒருவரால் ஒரு கோட்டைக்கு என்ன கேடு வரும்? சதிக்குத் துணை வேண்டும், துணைக்கு வழி வேண்டும், வழி யாவும் பனியால் அடைபட்டிருக்கும். எம் முறைப்படி அவர் வாளைக் கொட்டிலின் உத்திரத்தில் தொங்கவிடுக. இளவேனிலில் திருப்பித் தருக. அவரை அந்தப் படைத்தலைவனிடம் ஒப்படைத்தால் பழனநாட்டினின்று உப்பு வரும் வழி நமக்கு எளிதாகும் என்று எம் அமைச்சர் ஒருவர் மொழிந்தார். அவ்வாறாயின் முகிற்கோட்டை ஏறி அவரைக் கட்டிக் கொணரும் பணியை அமைச்சரே ஏற்பாரா என்று வினவினோம். அவர்க்குத் தம் பழைய இருமல் நினைவுக்கு வந்தது. அப்பேச்சு அத்தோடு முடிந்தது.

பனி கழியும்வரை வாராதாரின் பெயரைக் கேளாதிருப்பது நம் வழக்கம். பெயர் முன்பே தெரிந்துவிட்டதே என்பீராயின், தெரியாதவர்போல் இருப்பீராக. ஒரே அடுப்பின் எதிர்ப்புறங்களில் அமர்ந்து நான்கு திங்கள் ஒருவரை ஒருவர் அறியாதிருப்பது உம்மிருவர்க்கும் நன்று என்றே கருதுகிறோம். அறிந்திருந்த காலத்தில் நன்மை ஒன்றும் விளையவில்லை.

இவ்வோலையை ஏந்திவரும் எம் ஓட்டன் சுள்ளியன் ஒரு மரக்கலயமும் கொண்டுவருகிறான். எம் அரண்மனை அடுக்களையில் வாராதார்க்கென வைத்திருந்த கலயம் அது. உம் திருமண விருந்தில் எழுந்து நின்று, வெண்குன்றத்தார் முகத்தைக் கண்டே அரசகுலத்தை அறியும் நுண்ணறிவினர் என்றும், அதனாலன்றோ வாயிலில் விழுந்த தம்மை யார் என்றும் வினவாது அரசர்க்குரிய இடம் தந்தனர் என்றும் எம்மைப் புகழ்ந்தீர். விருந்தில் மருகரைத் திருத்துதல் முறையன்று என்பதால் அன்று வாளாவிருந்தோம். இன்று திருத்துகிறோம். அன்று எம் வாயிலில் கிடந்த முகத்தில் சேறும் குருதியும் அன்றி வேறொன்றும் எமக்குத் தெரியவில்லை. ஒற்றனாக இருக்கலாம் என்று காவலர் ஐயுற்றனர். கொலைஞனாக இருக்கலாம் என்று எமக்கே தோன்றியது. உமக்கு அடுப்பருகே இடம் தந்தது எம் நுண்ணறிவு அன்று. அக்காலம் முழுதும் நீர் உண்டது அரசகுலத்தார்க்குரிய பங்கும் அன்று.

ஐயமிருப்பின் கலயத்தைக் கவிழ்த்துப் பாரும். அதன் அடியில் ஒரு நெற்கதிர் கத்திமுனையால் கீறப்பட்டிருக்கும். பனியில் பொழுது போகாதவர் ஒருவர், தம் நாட்டை நினைத்து, அடுப்பு வெளிச்சத்தில் இருந்து கீறியது. எம் மகள் அதனை எதிர்ப்புறத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆதலின் எம் கட்டளை இது. கணவாய் மூடுமுன் வலிய ஆட்களையும் ஒரு தூளியையும் அடிவாரத்துக்கு அனுப்புக. பிள்ளைக்கென ஒதுக்கிய நெய்யும் தேனும் பிள்ளைக்கே ஆகுக. வாராதார் பங்கு புதிதாக அளக்கப்படுக. குறையுமென்று தோன்றினால் எம் களஞ்சியத்தினின்று பெற்றுக்கொள்க. ஓட்டனோடு கோவேறு கழுதைகளும் வருகின்றன. பெருமனைக் கதவை உள்நோக்கித் திறக்குமாறு மாற்றுக. மாற்றியபின் அதன்வழி முதலில் நுழைபவர் அவராகுக. இக்கலயத்தில் முதற்கஞ்சி ஊற்றும் கை உம்முடையதாகுக.

நீர் இதனைச் செய்வீர் என்பதில் எமக்கு ஐயமில்லை. மறுமொழி ஓலை வேண்டா. இளவேனிலில் பேரப்பிள்ளையைக் காண யாமே வருவோம். அப்போது அக்கலயத்தை எமக்குத் திருப்பித் தருக. அதன் அடியில் இன்னொரு நெற்கதிர் கீறப்பட்டிருக்கக் காண்போமாக.

வெண்குன்றத்து மும்முடி இலச்சினை இட்டு, எம் கண்முன் கட்டி, எம் கையால் கொடுத்த ஓலை. பனி முந்துமுன் இது முந்துக.