என் டீ கறுத்த கதை

பிப்ரவரி 11, செவ்வாய்

அடிபம்பு இன்று தண்ணீர் கொட்டியது. தலைநகர் கம்பாலாவிலிருந்து சம்பளம் இல்லாமல் வந்து ஒரு மாதமாக இங்கே கூடாரத்தில் கிடக்கும் நாலு இஞ்சினியர்களும் சேற்றில் குதித்து ஆடினார்கள். அவர்களுக்குத் தலைவி நமத்தோவு. இருபத்தெட்டு வயசு, என் கடையில் டீக்கு ஐந்து கரண்டி சர்க்கரை கேட்கிறவள். தண்ணீர்க் குழுச் செயலாளர் என்ற முறையில் நான் பேசினேன். இனிமேல் ஒருத்தரும் ஊற்றுப் பக்கம் போகக் கூடாது, மாடு கலக்குகிற தண்ணீரைக் குடித்து நம் பிள்ளைகள் பட்டது போதும் என்றேன். ஒரே கைதட்டல். சாயங்காலம் எல்லாரும் பானையைச் சுற்றி உட்கார்ந்து, நீளக் குழல் விட்டுக் கேழ்வரகுக் கள் உறிஞ்சினோம்.

அசெகென்யே, நீ தேர்தலிலேயே நிற்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

டீ கறுப்பாக வந்தது. தூள் மோசம்.

பிப்ரவரி 13, வியாழன்

தூளை மாற்றினேன். பாத்திரத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அப்படியும் கறுப்பு, மேலே ஒரு படலம் வேறு. பைக் டாக்சி ஓட்டும் இலுகோர் டம்ளரை வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

"தங்கச்சி, இது டீயா, என் வண்டியில வடிச்ச ஆயிலா?"

பெஞ்சு முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பெஞ்சு காலி. எல்லாரும் சந்தை முக்குக் கடைக்குப் போய்விட்டார்கள். அங்கே டவுனிலிருந்து தண்ணீர் வருகிறது, எனக்குப் பம்புத் தண்ணீர். இந்தக் கடை படுத்தால் நானும் படுக்க வேண்டியதுதான், வேறு வருமானம் ஏது?

இஞ்சினியர்கள் அடுத்த ஊரில் துளை போடுகிறார்கள். நமத்தோவுக்கு போன் போடலாம். போட்டு என்ன சொல்ல? ஊர் முன்னால் அப்படிப் பேசிவிட்டு, அவர்கள் வேர்வை சிந்திக் கொடுத்ததைக் குறை சொல்ல நாக்கு எழவில்லை.

பிப்ரவரி 19, புதன்

உச்சி வெயிலில் ஊர் படுத்திருக்கும்போது ஊற்றுக்குப் போய் இரண்டு கேன் மொண்டு வந்தேன். டீ சிவப்பு — அப்படி ஒரு சிவப்பு! கொதித்தால் கிருமி செத்துப்போகும் என்று நமத்தோவே சொல்லியிருக்கிறாள். வீட்டில் குடிக்கப் பம்புத் தண்ணீர்தான். ஆக, தப்பே இல்லை.

தப்பில்லை என்றால் கேன் மேல் எதற்குத் துணி போட்டு மூடினேன்?

பிப்ரவரி 21, வெள்ளி

பெஞ்சு நிறைந்தது. இலுகோருக்கு இரண்டு டம்ளர்.

மார்ச் 3, திங்கள்

ஊற்றில் எதிர்வீட்டு அமுலேன் நின்றாள், கேனோடு. அவள் பின்னால் இன்னும் மூன்று பேர். அவளுக்கு வெட்கமெல்லாம் இல்லை.

"செக்ரட்டரியே வரும்போது எங்களுக்கு என்னக்கா? அந்தப் பம்புத் தண்ணியில வெள்ளத் துணியெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி ஆகுது."

குடிக்கிறதாக இருந்தால் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 8, சனி

அமுலேனோட குழந்தை அச்சோமுக்கு வாந்தி, பேதி. ரெண்டு வயசு. இலுகோர் பைக்குல டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு. பச்சத் தண்ணியா குடுத்திருப்பா? குடுத்திருப்பா. அன்னிக்கு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா —

கடை தொறக்கல.

மார்ச் 9, ஞாயிறு

டிரிப் ஏறுகிறது. கண் திறந்தாளாம்.

மார்ச் 11, செவ்வாய்

அச்சோம் வீடு வந்துவிட்டாள். நமத்தோவு ஓடி வந்து கூட்டம் போட்டாள். பம்பு இருக்கும்போது ஏன் ஊற்றுக்குப் போனீர்கள் என்று கேட்டாள். நான் எழுந்தேன்.

"மொதல்ல போனது நான்தான். என்னப் பாத்துதான் இவங்க போனாங்க."

அங்கேயே பம்புத் தண்ணீரில் ஒரு டீ போட்டு அவள் கையில் கொடுத்தேன். அது கறுத்திருந்ததை அவளே பார்த்தாள்.

"தண்ணியில இரும்பு கூடுதல்னு ரிப்போர்ட்ல இருந்துச்சுக்கா. உடம்புக்குக் கெடுதல் இல்லையேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். யாரும் தடுக்கவில்லை. அமுலேன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 20, வியாழன்

பம்பை ஒட்டிச் செங்கல் தொட்டி எழும்புகிறது. ஓட்டைத் தகடு வழியாகத் தண்ணீர் தூறலாக விழுமாம், காற்றுப் பட்டதும் இரும்பெல்லாம் துருவாகி மணலில் தங்கிவிடுமாம். வாராவாரம் மணலைக் கழுவ ஆள் வேண்டும் என்றாள் நமத்தோவு. இலுகோர் யோசிக்காமல் என் பெயரைச் சொல்லிவிட்டார். சரி என்றேன்.

மார்ச் 28, வெள்ளி

டீ சிவப்பு. ஊற்றுத் தண்ணீர்ச் சிவப்பு இல்லை, கொஞ்சம் மட்டு. பரவாயில்லை, பெஞ்சில் யாரும் முகம் சுளிக்கவில்லை. மணல் கழுவிக் கழுவி என் நகமெல்லாம் காவி. அமுலேன் மட்டும் கடைப் பக்கம் வருவதில்லை.

ஏப்ரல் 5, சனி

காலையில் அமுலேன் வந்தாள், இடுப்பில் அச்சோம். நான் அவசரமாக டம்ளரைக் கழுவினேன்.

"டீ வேணாம்க்கா. பாப்பாவுக்குத் தண்ணி குடு."

பானையிலிருந்து மொண்டு கொடுத்தேன். காய்ச்சாத தண்ணீர். எங்கே எடுத்தது என்று அவள் கேட்கவில்லை. அச்சோம் பாதியைக் குடித்துவிட்டு மீதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டாள்.