நாற்பது செடியும் மலரின் கொப்பளிப்பானும்

1964 ஆகஸ்ட் 4, செவ்வாய்

சோளகக் காற்று கடும் வீச்சு. சைக்கிள் முன்னுக்குப் போக மறுக்கிறது. வீடு வீடாகத் தபால் கொடுத்து முடியப் பி.ப. இரண்டு மணி. கண்ணெல்லாம் புழுதி. பின் ரயருக்கு ஒட்டுப் போட வேண்டும்.

மகள் மலருக்கு லீவு விட்டும் லீவில்லை. உயர்தர வகுப்பு செப்டெம்பர் 7 திங்கள் தொடக்கம். இவளின் பழைய பள்ளியில் விஞ்ஞானம் இல்லை, ஆகையால் பெடியள் படிக்கும் ஆண்கள் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். தாவரவியல் மாஸ்ரர் முன்கூட்டியே வேலை கொடுத்து விட்டிருக்கிறார்:

செடி நாற்பது. வேர், இலை, பூவோடு.
அமத்திக் காயவைத்து மட்டையில் ஒட்டவேண்டும்.
ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானப் பெயர், குடும்பம், எடுத்த இடம், திகதி.

“கொண்டு வராதவை வகுப்புக்கு வெளியிலை நிக்கலாம்” என்றாராம். இடம் இருபத்துநாலுதான். கேட்டு நிற்பவர்கள் அதற்கு மேல்.

இதெல்லாம் தாய்க்கு அவள் சொல்ல நான் கேட்டது. என்னோடு அவள் கதைப்பது குறைவு. “ஐயா, தேத்தண்ணி.” “ஐயா, விளக்கு.” அவ்வளவுதான். பதினேழு வயது.

இதுவரை ஒன்பது செடி.

ஆகஸ்ட் 7, வெள்ளி

நேற்றிலிருந்து மலருக்குக் காய்ச்சல். இன்று விடிய நெஞ்சிலும் முதுகிலும் கொப்புளம். கொப்பளிப்பான். தாய் பாக்கியம் வாசல் படலையில் வேப்பிலை கட்டிவிட்டாள். வீட்டில் தாளிப்பு இல்லை, பொரியல் இல்லை. இளநீருக்குச் சொல்லியாயிற்று.

பிள்ளை அழுகிறாள். நோவுக்கு என்று நினைத்தேன். இல்லையாம்.

“இன்னும் முப்பத்தொண்டு கிடக்கு அம்மா.”

“அம்மாள் வந்து நிக்கிறா. நீ செடியைப் பற்றிக் கதைக்கிறாய். பேசாமல் படு.”

தபால் கந்தோரில் போஸ்ற்மாஸ்ரர் கேட்டார், உமக்கு முந்தி வந்ததோ என்று. சின்னனிலேயே வந்தது என்றேன். அப்போ வேலைக்கு வரலாம் என்றார். ஆனால் இரண்டு வீட்டில் கடிதத்தைக் கையால் வாங்கவில்லை. படலையில் செருகிவிட்டுப் போகட்டாம். குறை சொல்ல ஏலாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

வேலை இல்லை. ரயர் ஒட்டினேன்.

மலரின் அறை யன்னலுக்கு வெளியே நின்று கேட்டேன், என்ன செடி வேணும் என்று.

“ஏன் ஐயா?”

“நான்தானே நாள் முழுக்க வேலியோடை வேலியாத் திரியிறன்.”

கொப்பியில் ஒரு தாள் கிழித்து யன்னல் கம்பிக்குள்ளால் நீட்டினாள். கையெல்லாம் கொப்புளம். எழுத்து மட்டும் அச்சுமாதிரி. நாயுருவி, தும்பை, எருக்கலை, குப்பைமேனி, கீழ்க்காய்நெல்லி, ஆவரசு, கொவ்வை. இன்னும் உண்டு.

பாக்கியம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். “அம்மாள் நிக்கிற வீட்டு வளவிலை பச்சையிலை புடுங்கப்படாது. சொல்லிப்போட்டன்.”

“வளவுக்கு வெளியிலை?”

அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாதது சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

ஐந்து செடி கொண்டுவந்தேன். பெருமையாக யன்னலில் காட்டினேன். மூன்றைத் தள்ளிவிட்டாள்.

“பூ இல்லாட்டிக் குடும்பம் சொல்லேலாது ஐயா.”

மற்ற இரண்டுக்கும் வேர் அறுந்துபோயிற்று. நாளை மண்கிண்டி ஒன்று கொண்டுபோக வேண்டும். இருபது வருடம் இதே ஒழுங்கைப் பாதையால் போகிறேன். எதற்குப் பூ உண்டு, எதற்கு இல்லை என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆகஸ்ட் 13, வியாழன்

பிழை விட்டேன். எருக்கலையைக் கடிதப் பைக்குள் வைத்துவிட்டேன். பால் வடிந்து ஒரு கடித உறை ஒட்டிப்போயிற்று. கொழும்பிலிருந்து ஒரு கிழவருக்கு மகன் எழுதியது. நானே போய்ச் சொல்லிக் கொடுத்தேன். “உள்ளுக்கு எழுத்து அழியேல்லைத் தம்பி, விடும்” என்றார்.

கந்தோரில் வந்து நானாகவே சொன்னேன். மறைக்க மனம் வரவில்லை. போஸ்ற்மாஸ்ரர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உது அரசாங்கப் பை. வேலியில்லை. இன்னொருக்கா நடந்தா நான் மேலை எழுதவேண்டி வரும்.”

“ஓம் ஐயா.”

வெளியே வரும்போது பின்னால் கூப்பிட்டார். “எத்தினை செடி இன்னும்?”

“பதினெட்டு ஐயா.”

ஒரு கட்டுப் பழைய பேப்பர் எடுத்துத் தந்தார். அமத்த உதவும் என்று.

இனி செடிக்குத் தனியாக ஒரு பனையோலைப் பெட்டி, சைக்கிள் கைபிடியில்.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

எட்டுச் செடி பழுது. பேப்பருக்குள் கறுத்துப் பூஞ்சணம். அமத்திவிட்டால் சரி என்று இருந்தேன். ஒவ்வொரு நாளும் பேப்பர் மாற்ற வேண்டுமாம்.

“சொல்ல மறந்துபோனன் ஐயா” என்று அழுதாள்.

“நான் கேக்க மறந்துபோனன்” என்றேன்.

மேசைக்கு மேல் செடிக்கட்டு, அதற்கு மேல் பலகை, அதற்கு மேல் அம்மிக்குழவி. பாக்கியம் சம்பல் அரைக்கக் குழவியைத் தேடித் திரிந்தாள். இப்போது தாளிப்பு இல்லாத வீடுதானே, சம்பலும் இல்லாமல் இருக்கட்டும் என்றேன். முறைத்தாள்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

பின்னேரம் வீட்டுக்கு வர, மேசையில் ஒரு செடி. ஊதாப் பூ, முள், வேர் அறாமல், மண் கழுவி. தூதுவளை.

“நான் எங்கடை வளவிலை புடுங்கேல்லை. முன்வீட்டு வேலி” என்று பாக்கியம், என்னைப் பாராமல்.

யன்னலுக்குள்ளால் மலர்: “அம்மா, உதுவும் கத்தரியும் ஒரே குடும்பம், தெரியுமே?”

“ஏன் தெரியாது? பூவைப் பாத்தாத் தெரியாதே?”

மலர் சிரித்தாள். பத்து நாளுக்குப் பிறகு அந்தச் சத்தம்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. வேப்பிலை அவித்த தண்ணீர். வீடு கழுவி, பாய் வெயிலில். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு வெடித்தது. நல்ல வாசம்.

பிள்ளை கண்ணாடி பார்த்தாள். பிறகு சாப்பிட வரவில்லை. நெற்றியில், கன்னத்தில், மூக்கு நுனியில் தழும்பு. பாக்கியம் மஞ்சள் பூசினால் மாறும் என்கிறாள்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

முப்பத்தாறு செடி ஆயிற்று. மலர் மட்டையைத் தொடவில்லை. மத்தியானம் தாயிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாக:

“நான் அங்கை போகேல்லை. அவ்வளவு பெடியளுக்குள்ளை இந்த முகத்தோடை எப்பிடி இருக்கிறது?”

பாக்கியம் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. யாரில் என்று தெரியவில்லை. வெளியே போய்ச் சைக்கிளைத் துடைத்தேன், ஏற்கெனவே துடைத்த சைக்கிளை.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

இரண்டு நாளாக யோசனை. போ என்று சொன்னால் போவாள். அப்படிப் போனால் எனக்காகப் போவாள். அது வேண்டாம்.

பின்னேரம் செடிக்கட்டை அவிழ்த்து அவளுக்கு முன்னால் பரப்பினேன்.

“போறதும் போகாததும் உன்ரை விருப்பம் பிள்ளை. எனக்கு உதுகளின்ரை பேரைச் சொல்லு. இவ்வளவு நாள் சுமந்தனான், ஆரெண்டு தெரியாமல் இருக்கேலாது.”

ஒன்றைத் தொட்டாள். “இது கலோத்திரோப்பிசு.”

“எருக்கலைக்கோ இவ்வளவு பெரிய பேர்?”

விளக்கு வைக்கும்வரை இருபத்திரண்டுக்குப் பேர் சொன்னாள். நான் திருப்பிச் சொன்னதில் சரி, மூன்று.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

விடியமுன் கிழக்குக் கடற்கரைக்கு. சைக்கிள் பாரில் மலர், தலையில் முக்காடு. அவள்தான் கேட்டாள்: “அடம்பன் பூவோடை வேணும் ஐயா. வெயில் ஏறினாச் சுருங்கிப்போடும்.”

மணல் முழுக்க அடம்பன் கொடி. குனிந்து, கொடியைப் பின்தொடர்ந்து, வேரைத் தேடித் தேடி வெகுதூரம் போய்விட்டாள். காற்றில் முக்காடு விழுந்தது. கரைவலை இழுக்க வந்த பெண்கள் இரண்டுபேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி கேட்டாள்:

“கொப்பளிப்பானோ மோனை? எனக்கும் இப்பதான் மாறினது. உதென்ன, மருந்துக்கோ?”

“இல்லை. படிக்க.”

“அடம்பனையோ படிக்கிறாய்?”

மூன்றுபேரும் சிரித்தார்கள். அந்தப் பெண்கள் உட்கார்ந்து வேர் கிண்டிக் கொடுத்தார்கள். முக்காட்டை அவள் திரும்பப் போடவில்லை. நான் கவனியாதது மாதிரி இருந்தேன்.

வரும் வழியில் நாற்பதும் சரி.

செப்டெம்பர் 5, சனி

ஒட்டி முடிந்தது. ஒவ்வொரு மட்டையிலும் கீழே ஒரு வரி: சேகரித்தவர். பாதிக்கு மேல் என் பேர். ஒன்றில் தாயின் பேர்.

“உன்ரை பேரைப் போடு பிள்ளை. மாஸ்ரர் ஏற்கமாட்டார்.”

“ஏற்காட்டி விடட்டும். பொய் எழுதேலாது.”

எனக்குப் பயம். இவ்வளவும் செய்து, என் பேராலேயே இடம் போனால்? அவளிடம் சொல்லவில்லை. பாக்கியத்திடமும் சொல்லவில்லை.

செப்டெம்பர் 7, திங்கள்

பாதி நாள் லீவு. கல்லூரி வாசலுக்கு வெளியே சைக்கிளோடு நின்றேன். எட்டரைக்கு உள்ளே போனாள். பத்தரைக்கும் ஒரு செய்தி இல்லை. வேலைக்குப் போய்விட்டேன். இரண்டு கடிதம் வீடு மாறிக் கொடுத்து, திரும்பப் போய் வாங்கினேன்.

பின்னேரம் வந்து சொன்னாள். மாஸ்ரர் நாற்பதையும் புரட்டிப் பார்த்திருக்கிறார்.

“ஆர் இது, சேகரித்தவர்?”

“என்ரை ஐயா. அப்ப எனக்கு வருத்தம், கொப்பளிப்பான்.”

“பேர் வைச்சது?”

“நான்.”

எழுப்பி நிறுத்தி, ஏழு மட்டையில் பேரைக் கையால் மறைத்துக் கேட்டிருக்கிறார். ஏழும் சொல்லியிருக்கிறாள். ஒரு செடிக்குக் குடும்பம் பிழையாம், சிவப்பு மையால் திருத்தியிருக்கிறது. “போய் இரும்” என்றாராம். முன் வாங்கில் இடம்.

“முகத்தைப் பாத்தவையோ?” என்று பாக்கியம்.

“பாத்தவை. பிறகு மாஸ்ரர் கரும்பலகையிலை எழுதத் தொடங்க மறந்திட்டினம்.”

பாக்கியம் அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வரவில்லை. எனக்கும் கண்ணில் புழுதி. இன்றைக்குக் காற்றில்லை.

செப்டெம்பர் 8, செவ்வாய்

வெக்கை. தபால் குறைவு.

மலர் பள்ளியால் வந்ததும் வராததுமாக நேரே என்னிடம் வந்தாள். தாயிடம் போகவில்லை. விலங்கியலுக்கு வியாழக்கிழமை ஆளுக்கொரு தவளை வேணுமாம். பெரிசு. உயிரோடை.

பாக்கியத்துக்கு இன்னும் சொல்லவில்லை.