பூட்டியாச்சா?

ஜூன் 17, செவ்வாய்

சாகாமத்து அரிசி மில் எஞ்சின் திரும்பவும் கடைக்குத் திருத்த வந்திட்டு. அடி போல்ட் நாலும் லூஸ். எவனோ ஒரு மேதாவி ரெட்டை நட்டைத் தலைகீழாப் போட்டிருக்கான். தடிச்சது கீழ, மெல்லிசு மேல. இந்தக் கரையில நூத்துக்குத் தொண்ணூறு பேர் இப்படித்தான். மெல்லிசைக் கீழ போட்டு, அதை ஸ்பானர் சாவியால அசையாமப் பிடிச்சுக்கொண்டு மேல தடிச்சதை இறுக்கணும். அப்பதான் ரெண்டும் ஒண்டையொண்டு நெருக்கி நிக்கும். எஞ்சின் எவ்வளவு துள்ளினாலும் அசையாது.

வேலை முடியிற வரைக்கும் ஏசிக்கொண்டே இருந்தன். சுரேஸ் காரைதீவான்; பத்து வருஷமா இந்தக் கடையில எனக்குப் பங்காளி. சொந்த அண்ணனைக் கூப்பிடுற மாதிரிக் கூப்பிட்டுச் சிரிக்கிறான். "ஹமீட் காக்கா, உங்களோட மல்லுக்கட்ட நட்டுத்தான் சரி. மனிசர் ஓடிருவாங்க."

ஜூன் 18

நைலோன் நட்டு ஒரு பெட்டி வந்தது. "ஒருக்காக் கழட்டினா எறி" எண்டு எழுதிச் சுவரில ஒட்டினன். உள்ள இருக்கிற வளையம் முதல்தரம்தான் புரியை ஒழுங்காக் கவ்வும். சைலன்சர் பக்கமும் போடக்கூடாது, உருகிரும்.

ஜூன் 20, வெள்ளி

இண்டைக்குக் கடலுக்குப் போகாத நாள். மச்சான் ஸிராஜ் போட் எஞ்சினைக் கொண்டு வந்தான். என் தங்கச்சி மர்ஷூதாட மாப்பிள்ளை. புரப்பெலர் மாத்தணும். அதுக்குக் கிரவுண் நட்டு. தலையில வெட்டு வெட்டா இருக்கும். அந்த வெட்டுக்குள்ளால ஷாஃப்ட் ஓட்டையில ஒரு பின்னைச் செருகி, ரெண்டு காலையும் மடிச்சுவிட்டா, பின் முறியாம நட்டு கழரவே ஏலாது. எனக்குப் பிடிச்ச நட்டு இதுதான். மற்றதெல்லாம் இறுக்கத்தை நம்பி இருக்கு. இது ஆரையும் நம்பாது.

பழைய பின் கறள் பிடிச்சு முறிஞ்சு போச்சு. புதுசு ஒண்டைத் தட்டத்தில எடுத்து வச்சன். அஸர் தொழுகைக்கு வாங்கு சொன்னது. சுரேஸ் சாமான் வாங்கப் போயிருந்தான். "மச்சான், நட்டு கையால திருகி விட்டிருக்கன், வடிவாப் பூட்டு" எண்டு சொல்லிப் போட்டுப் பள்ளிக்குப் போனன். திரும்பி வந்து, "பூட்டியாச்சா?" எண்டு கேட்டன். "ஓம் மச்சான், பூட்டியாச்சு." எஞ்சினை ஏத்திக்கொண்டு போயிட்டான்.

ஜூன் 21, சனி

தட்டத்தில பின் கிடக்கு.

புதுப் பின். நேற்று நான் வச்ச இடத்திலேயே.

நானும் சுரேஸும் கிரவுண் நட்டுக்குப் பூட்டு எண்டு சொன்னா, பின்னைப் போட்டு மடிக்கிறது. அது எங்கட கடைக் கதை. ஸிராஜுக்கு ஆர் சொன்னது? பூட்டு எண்டா அவனுக்கு நட்டை இறுக்கிறது. இறுக்கியிருப்பான். வடிவா இறுக்கியிருப்பான். பாவி, நான் ஏன் குனிஞ்சு ஒருக்காப் பார்க்கல்ல?

போன் எடுத்தன். வேலை செய்யல்ல. வீட்டில கேட்டன். விடிய முந்தி சுபஹோட போயிட்டானாம், கூட வலை இழுக்கிற றாஸிக்கும். கச்சான் காத்து பேய் மாதிரி அடிக்குது, கரையில இருந்து கடல் பக்கமா.

பொழுது பட்டு மஃரிபுக்கும் வரல்ல.

ஜூன் 22, ஞாயிறு

சாய்ந்தமருதிலிருந்து நாலு போட் தேடப் போயிருக்கு. மர்ஷூதா வாசல்லயே நிக்கிறா. "உங்கட கையாலதானே காக்கா செஞ்சீங்க? அப்ப எஞ்சினுக்கு ஒண்டும் ஆகாது, என்ன?"

ஓம் எண்டு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சட்டைப் பைக்குள்ள அந்தப் பின் குத்திக்கொண்டே இருந்தது. எடுத்துக் காட்டினன். எல்லாத்தையும் சொன்னன். அவ ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். உள்ளுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டா.

எனக்குப் பயமாக் கிடக்கு. யா அல்லாஹ், என்ட கவனக்கேட்டுக்கு மர்ஷூதாட ரெண்டு புள்ளைகளையும் வாப்பா இல்லாம ஆக்கிப் போடாத.

ஜூன் 23, திங்கள்

வந்திட்டாங்க. அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும்.

தம்பிலுவில் வல்லிபுரத்தார் தன்ட போட்டில கட்டியிழுத்துக் கொண்டு வந்தார். ஆழக்கடலில அவர்ட கண்ணில பட்டாங்களாம். சனிக்கிழமை வலை இழுத்துப் போட்டுத் திரும்பக்குள்ள புரப்பெலர் நட்டோட கழண்டு கடலுக்குள்ள போயிட்டு. நங்கூரக் கயிறு எட்டாத ஆழம். ரெண்டு ராவும் காத்து தள்ளிக்கொண்டே போயிருக்கு. ஸிராஜ்ட உதடு வெடிச்சுப் போய்க் கிடக்கு. வல்லிபுரத்தாரைக் கட்டிப்பிடிச்சு அழுதிட்டன். அந்த மனிசன் கூச்சப்பட்டு, "விடுங்க தம்பி, மீன் நாறுது" எண்டார்.

ஜூன் 24

ஸிராஜ் எல்லார்ட்டயும் புரப்பெலர் கல்லில அடிபட்டது எண்டு சொல்றானாம். என்னைக் காப்பாத்துறானாம்! போய், "கல்லும் இல்ல மண்ணும் இல்ல, பின் இல்ல" எண்டு பள்ளிக்கு முன்னால வச்சே சொன்னன். அவன் தலையைக் குனிஞ்சு, "நான்தானே மச்சான் பூட்டிட்டன் எண்டு சொன்னன்" எண்டான். அண்டைக்குக் கடையில ரெண்டு பேரும் சொன்னது பொய் இல்ல. அதுதான் எரிச்சல்.

மர்ஷூதா என்னோட கதைக்கல்ல.

ஜூலை 2

இண்டைக்கும் கதைக்கல்ல. பிள்ளைகளை மட்டும் அனுப்புறா.

ஜூலை 11, வெள்ளி

கடையில பூட்டு எண்ட சொல்லுக்குத் தடை. இப்ப "இறுக்கியாச்சா?" ஒரு கேள்வி, "மடிச்சாச்சா?" இன்னொரு கேள்வி. வாய் தவறினா சுரேஸ் நாக்கைக் கடிச்சுக்கொள்றான்.

ஸிராஜ் புதுப் புரப்பெலரோட வந்தான். ஆட்டோவில பின்னால மர்ஷூதா. கடைக்குள்ள அவ வந்ததே இல்ல. ஓரமா நிண்டா. நட்டை நான் இறுக்கினன், பின்னை ஸிராஜ் மடிச்சான். முடிஞ்சதும் அவ முன்னால வந்து குனிஞ்சா.

"இதுதானா அந்தப் பின்?"

"ஓம், அதேதான்."

மடிச்ச காலை நகத்தால நெம்பிப் பார்த்தா. அசையல்ல. மற்றப் பக்கமும் நெம்பிப் பார்த்தா. முந்தானையில கிறீஸைத் துடைச்சுக்கொண்டு, "சோறு ஆக்கி வச்சிருக்கன் காக்கா. ஆறப் போகுது, வாங்க" எண்டா.

கடையைப் பூட்டினனா இல்லையா எண்டு பாதி வழியிலதான் யோசனை வந்தது. திரும்பிப் போகல்ல.