உன் ரௌட்டரை உடைத்துவிட்டேன்

அண்ணா,

பரணிலிருந்து அந்த அட்டைப்பெட்டியை இறக்கித் திறந்ததும் உன் அறை வாசனை குப்பென்று வந்தது. சூடேறிச் சூடேறி மங்கிப்போன பிளாஸ்டிக், அதன்மேல் தூசி. உள்ளே பழைய ரௌட்டர்கள், ஒரு மோடம், ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டிய நீல லேன் ஒயர்கள், உன் சுத்தியல். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. "ஆத்துக்கு வெள்ளையடிக்கணும், இதையெல்லாம் என்ன பண்றதுன்னு நீயே வந்து சொல்லு" என்று மன்னி கூப்பிட்டதால்தான் அடையாறிலிருந்து மாம்பலம் வந்தேன்.

அந்த ஒயர்களை எனக்குத் தொடப் பிடிக்கவில்லை. ஏனென்று உனக்குத் தெரியும்.

பெருங்குடி ஆபீஸில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்த கையோடு வீடு முழுக்க இன்டர்நெட்டுக்கு ஒயர் இழுத்தாய். நூல் பிடித்த மாதிரி சுவரோரம் கிளிப் அடித்தாய். மாடி வீட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்து மெச்சினார்கள். யார் எப்போது எதைத் திறக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கறுப்பு ரௌட்டர் வழியாக உன் திரைக்கு வந்துவிடும் என்பது எங்களுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்ததும், "யாருடி அவன்? மத்தியானமெல்லாம் யார்கூடப் பேசிண்டிருக்கே?" என்றாய். கூட வேலை பார்க்கிறவர், பெயர் சலீம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் விழுந்தது. போனைப் பிடுங்க நீ முறுக்கியதில் என் மணிக்கட்டு உடைந்தது. அப்புறமும் விடவில்லை. மேஜைமேல் கிடந்த லேன் ஒயரை இரண்டாக மடித்து, உனக்கு மூச்சு வாங்கும்வரை வெளுத்தாய். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஆஸ்பத்திரிக்கும் நீதான் கூட்டிப்போனாய். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்று டாக்டரிடம் கூசாமல் சொன்னாய். மாவுக்கட்டு பிரிக்கும்வரை தயிர்சாதம் பிசைந்து ஊட்டியதும் நீதான். "உன் நல்லதுக்குத்தாண்டி" என்பாய், கண் கலங்கியிருக்கும். நானும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். அடியைவிட அதுதான் எரிந்தது. சலீம் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். நான் வீட்டை விட்டுப் போனேன்.

பெட்டியை இறக்கிய அன்றைக்கு மன்னி அதைக் கிளறி அந்தக் கறுப்பு ரௌட்டரை எடுத்தாள். "மத்ததெல்லாம் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுடலாம். இது மட்டும் இருக்கட்டும். வர்ஷா பத்தாவது வந்துட்டா, எப்பப் பார்த்தாலும் போனும் கையுமா இருக்கா. உங்கண்ணா பார்ப்பாரே, அது மாதிரி எனக்கும் தெரியறாப்பல போட்டுக் குடு."

உன் பெண் கதவோரம் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் மன்னி."

"ஏன் வேண்டாங்கறே? அவர் இருந்தவரைக்கும் வாலைச் சுருட்டிண்டு இருந்தாளே!"

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. மன்னி கையிலிருந்து அதைப் பிடுங்கி, சுத்தியலோடு பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லில் வைத்து ஓங்கிப் போட்டேன். முதல் அடியில் ஆன்டெனா தெறித்தது. அடுத்ததில் மூடி நொறுங்கியது. உள்ளே இருந்த பச்சைப் பலகை பிளந்தபிறகும் அடித்தேன். உன் முகத்தை நினைத்துக்கொண்டுதான் அடித்தேன், செத்தவனிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒவ்வோர் அடியும் இனித்தது. துண்டு ஒன்று பறந்து நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணில் வழிந்தும் நிறுத்தவில்லை.

"பைத்தியம் பிடிச்சுடுத்தா உனக்கு!" என்று மன்னி அலறினாள்.

திரும்பினேன். வர்ஷா சுவர் மூலையில் குந்தியிருந்தாள். முழங்கை இரண்டும் காதோடு ஒட்டியிருக்க, மோவாய் மார்பில் புதைந்திருந்தது. நானும் அப்படி உட்கார்ந்தவள்தான். அடிபட்டுப் பழகாதவளுக்கு அது அவ்வளவு சீக்கிரம் வராது.

அவளையுமா, அண்ணா?

மன்னியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

சுத்தியலைப் போட்டுவிட்டு வர்ஷாவிடம் போனேன். "நான் ஒண்ணும் பண்ணலை அத்தை, ஒண்ணுமே பண்ணலை" என்று இன்னும் ஒடுங்கினாள். அவளைத் தொடப் போன என் கை அப்போதும் எதையாவது அடிக்கத்தான் துடித்துக்கொண்டிருந்தது.

பெட்டியை அன்றைக்கே எடைக்குப் போட்டாயிற்று. உன்னிடமிருந்து எனக்கு வந்த இந்தக் கையை மட்டும் எங்கே போடுவது என்று தெரியவில்லை. சனிக்கிழமை வரட்டுமா என்று வர்ஷாவிடம் போனில் கேட்டேன். கோபமா இருக்கியா அத்தை என்று கேட்டாள்.